இருப்பிடம் பொருந்தவில்லை

காலை எட்டு ஐம்பத்தெட்டு.
பள்ளிப்பட்டுக்கு மேற்கே, பேருந்து திரும்பிவிடும் இடத்தில்,
கொடிக்கம்பத்தின் அடியில் நின்று
கைப்பேசிக்கு முகம் காட்டுகிறேன்.
கண்ணாடியைக் கழற்றச் சொல்கிறது. கழற்றுகிறேன்.
கண் சிமிட்டச் சொல்கிறது.
நாற்பத்தொன்பது வயதில் ஒரு கருவேலமரத்தின் முன்னால்
கண் சிமிட்டுகிறேன்.

இருப்பிடம் பொருந்தவில்லை என்கிறது செயலி.
நகரிப் பக்கத்து டவர்தான் எங்களுக்குச் சிக்னல்.
ஆந்திராவுக்கு வருக என்று
நாள் தவறாமல் தெலுங்கில் ஒரு குறுஞ்செய்தி.
பதினாறு வருடமாக இதே நாற்காலி.
ஆவணப்படி நான்
பக்கத்து மாநிலத்தில் ஊர் சுற்றுகிறேன்,
ஜூனில் மட்டும் ஒன்பது நாள்.
கழிப்பறைக் கூரையில் ஏறினால் சரியாகக் காட்டும்.
ஏணி இல்லை. ஏணி கேட்டு எழுதியிருக்கிறேன்.

வியாழக்கிழமை மேலாண்மைக் குழு கூடியது.
தலைவி மொகிலம்மா தறியை நிறுத்திவிட்டு வந்தாள்.
காதுக்குள் தறி இன்னும் ஓடியதால் உரக்கவே பேசினாள்:
"எங்களுக்கு மீட்டர் கணக்குல கூலி.
இழை அறுந்தா பிடிச்சுக்குவான்.
எங்க பிள்ளைங்க அறுந்து போனா
உங்க சம்பளத்துல யாரு பிடிக்கிறது?"
வந்திருந்த அலுவலர் பேனாவை மூடினார்.
நான் படிவங்களைச் சொன்னேன், பயிற்சிகளை, தேர்தல் வேலையை,
விலையில்லாச் செருப்பின் அளவுகளைக்கூட
நானே ஏற்ற வேண்டியிருப்பதை.
எல்லாம் உண்மை.
சொல்லச் சொல்ல எல்லாம் சாக்காக ஒலித்தது.

அலுவலர் தன் பங்குக்கு ஒரு பட்டியலைத் திறந்தார்.
நிமிடத்துக்கு எத்தனை சொல். எங்கள் பள்ளி சிவப்பு.
தனகோட்டியைச் சோதித்த அன்று நானும் இருந்தேன்.
மழைப் படத்தைக் காட்டி என்ன என்றார்கள்.
வான, என்றான்.
அவன் வீட்டில் மழைக்கு அதுதான் பெயர்,
நனைந்து வந்தால் அந்தச் சொல்லில்தான் அடி விழும்.
தவறு என்று குறித்துக்கொண்டார்கள்.

அலுவலர் ஜீப் ஏறியதும்
சத்துணவுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட உட்கார்ந்தாள் மொகிலம்மா.
விரல் ஒவ்வொரு வரியாக நகர்ந்தது, நின்றது.
குரலைத் தாழ்த்தி, தன் மொழியில்:
"பதோ குட்டு எவரிக்கி, டீச்சர்?"
பத்தாவது முட்டை யாருக்கு.
தெலுங்கில் குட்டு என்றால் முட்டை.
தமிழில் என்னவென்று எனக்குத் தெரியாதா.

லோஹிதா, நான்காம் வகுப்பு.
கிளிமூக்கு மாங்காய் வரத்து தொடங்கியதும்
சித்தூர்ப் பக்கம் கூழ் ஆலைக்குப் போன அம்மாவோடு
தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.
இருபத்திரண்டு நாளாக அவள் வந்ததாக எழுதியது நான்.
அவளைச் சேர்த்தால் பத்துப் பேர்.
பத்துக்குக் கீழே போனால் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியோடு
இணைத்துவிடுவார்கள் என்று பேச்சு.
மிச்ச ஒன்பதும் லாரிகளுக்கு நடுவே கடக்க வேண்டும்.
இதுவும் உண்மைதான், மொகிலம்மா.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
கையெழுத்தும் போடவில்லை.

சனிக்கிழமை, வேலை நாள்.
இன்னொரு ஆசிரியர் பயிற்சிக்குப் போயிருந்தார்.
சாவியை மொகிலம்மாவிடம் கொடுத்தேன்.
அன்றைய மீட்டர்களை விட்டுவிட்டு
ஒன்பது பேரோடு உட்கார்ந்தாள்.
நான் சித்தூர்ப் பேருந்தில் ஏறினேன்.
வழியில் குறுஞ்செய்தி வந்தது, வருக என்று.
முதல்முறையாக அது பொய் சொல்லவில்லை.

ஆலை வாசலில் அழுகிய பழத்தின் வாடை, ஈக்கள்.
கொட்டகை நிழலில் தம்பியைத் தட்டிக்கொடுத்தபடி இருந்தாள்.
புறங்கையில் மாம்பால் பட்ட கொப்புளம்.
என்னைப் பார்த்ததும் சட்டென எழுந்து நின்றாள்,
வகுப்பில் நிற்பதைப் போல.
"இன்னைக்கு ஸ்கூல் லீவா டீச்சர்?" என்றாள்.